இடம்பெயர்ந்த மேய்ச்சல் குடும்பங்களுக்கு லாரித் தண்ணீர்: ஆடுகளைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

கேள்வி: புதிய களப்பணியாளர்

வணக்கம். எத்தியோப்பியாவின் சோமாலி மாநிலத்தில், வறட்சியால் மேய்ச்சல் நிலத்தை விட்டு வந்து ஒரு சாலையோரத்தில் கூடியிருக்கும் குடும்பங்களுக்குத் தண்ணீர் வழங்கும் பணியில் சேர்ந்து மூன்று வாரங்கள் ஆகின்றன. இங்கே ‘தேய்ர்’ எனப்படும் அக்டோபர்–டிசம்பர் மழை பொய்த்துவிட்டது. ஏப்ரலில் தொடங்க வேண்டிய ‘கூ’ மழைக்கு இன்னும் பத்து வாரங்கள் இருக்கின்றன. அதுவரை ‘ஜிலால்’ என்னும் கடும் வறண்ட பருவம்தான்.

சுமார் 400 குடும்பங்கள், 2,400 பேர். அவர்களிடம் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 3,200 செம்மறிகளும் வெள்ளாடுகளும், 110 கழுதைகள், 70 ஒட்டகங்கள். மாடு வைத்திருந்தவர்களிடம் இப்போது மாடு இல்லை. தண்ணீர் எடுக்கும் ஆழ்துளைக் கிணறு 45 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. 10,000 லிட்டர் லாரி ஒன்றுக்கு, நாளொன்றுக்கு இரண்டு நடைக்குப் பணம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது நடை பெரும்பாலும் இருட்டிய பிறகுதான் வந்து சேர்கிறது. ஒன்பது கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு கிணறும் உண்டு. ஆனால் அதன் நீர் உவர்ப்பாக இருந்ததாலும், கரைந்த உப்பின் அளவை உணர்த்தும் மின்கடத்துத்திறன் 4,500 மைக்ரோசீமென்ஸ் வரை காட்டியதாலும், குடிநீருக்கு ஆகாதென்று தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டோம்.

ஆளுக்கு 7.5 லிட்டர் என்று வைத்தால் 18,000 லிட்டர் போதும் என்பதால், கணக்கு சரியாகவே இருப்பதாக நினைத்தேன். மூன்றாம் நாள், ஐந்து கேன் தண்ணீர் பெற்ற ஒரு பெண்மணியின் கூடாரம் வரை சென்று பார்த்தேன். பாதியாக வெட்டிய இரும்புப் பீப்பாய் ஒன்றில் இரண்டு கேன்களை அப்படியே ஊற்றினார். பதினொரு ஆடுகள் முட்டி மோதிக் குடித்தன. குழந்தைகளுக்கு ஒரு குவளையை நான்கு பேருக்குச் சுற்றிவிட்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தும் அவர் எதையும் மறைக்கவில்லை. அவரைப் பொறுத்தவரை அதில் மறைப்பதற்கு ஒன்றுமில்லை என்பதை எனக்குப் புரிந்துகொள்ளச் சற்று நேரமாயிற்று.

திட்ட ஆவணத்தில் ‘மனிதப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. ஆடுகளுக்கு ஊற்றக் கூடாது என்று அறிவிப்பதா, கண்டும் காணாமல் இருப்பதா, அல்லது ஆடுகளையும் கணக்கில் சேர்ப்பதா? களத்தில் இதைக் கையாண்டவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன். குளோரின் வாடை பிடிக்காமல் சிலர் தண்ணீர் வாங்க மறுப்பதையும் இத்துடன் குறிப்பிட்டுவிடுகிறேன்.

மறுமொழி 1: நீர்ப் பொறியாளர்

ஆட்டுக் கேள்விக்குப் போவதற்கு முன், உங்கள் 20,000 லிட்டர் உண்மையிலேயே 20,000 லிட்டர்தானா என்று பாருங்கள். லாரியின் வயிற்றில் பத்தாயிரம் என்று எழுதியிருப்பதை நம்பி மாதக்கணக்கில் பணம் கொடுத்துவிட்டு, பிறகு அளந்து பார்த்தபோது எட்டாயிரத்துச் சொச்சம்தான் பிடித்தது என்பதை நானே அனுபவித்திருக்கிறேன். கொள்ளளவு தெரிந்த டிரம்மால் ஒரே ஒரு முறை நிரப்பி, ஒரு நீளக் கம்பியில் கோடு போட்டு வைத்துக்கொண்டால், அதன்பின் ஒவ்வொரு நடையையும் மூடியைத் திறந்து கம்பியை விட்டே சரிபார்க்கலாம். அந்த லாரி இதற்கு முன் டீசல் ஏற்றியதா என்பதையும் விசாரியுங்கள். மூடியைத் திறந்ததும் மூக்கே சொல்லிவிடும்.

அடுத்தது இரவு நடை. தண்ணீரை இறக்கி வைக்க உங்களிடம் தொட்டி இல்லை என்பது உங்கள் விவரத்திலிருந்தே தெரிகிறது. வினாடிக்கு மூன்று லிட்டர் தரும் கிணற்றில் லாரி நிரம்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம், அந்தச் சாலையில் வர இரண்டு மணி நேரம், திரும்ப இரண்டு மணி நேரம். லாரியின் குழாயிலிருந்தே கேன்களுக்குப் பிடித்துக் கொடுத்தால் இறக்குவதற்கு மட்டும் மூன்று மணி நேரம் போகும். ஆக ஒரு சுற்று எட்டு மணி நேரம். தொட்டி இருந்தால் முக்கால் மணி நேரத்தில் கொட்டிவிட்டு லாரி திரும்பிவிடும் என்பதால் ஒரு சுற்று ஆறு மணி நேரத்துக்குள் அடங்கி, இரண்டு நடையும் பகலிலேயே முடியும். ஒவ்வொன்றும் 10,000 லிட்டர் பிடிக்கும் இரண்டு பைத்தொட்டிகளை வாங்கி, மணல்மூட்டைகளை அடுக்கி நன்றாக இடித்துக் கெட்டிப்படுத்திய மேடையின்மேல் வையுங்கள். நிரம்பிய ஒரு தொட்டி பத்து டன் எடை. மேடை ஒருபக்கம் அமுங்கினால் பை உருண்டுவிடும், கீழே நிற்பவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள்.

பேரிடர் உதவிக்கான குறைந்தபட்ச அளவுகளை வகுக்கும் ஸ்பியர் கையேடு ஆளொன்றுக்கு நாளுக்குக் குறைந்தது 15 லிட்டர் என்கிறது. நீங்கள் எடுத்துக்கொண்ட 7.5 லிட்டர் உயிர்பிழைக்கும் அளவின் கீழ்எல்லை, அதாவது முதல் சில நாள்களுக்கானது. பத்து வாரங்களுக்கு அதையே வைத்துக்கொண்டிருக்க முடியாது. குழாய்க்கு 250 பேர் என்ற அளவில் உங்களுக்குப் பத்துக் குழாய்கள் வேண்டும். நிமிடத்துக்கு 7.5 லிட்டர் வீதம் எட்டு மணி நேரம் ஓடினால் பத்துக் குழாய்களும் சேர்ந்து 36,000 லிட்டர் தரும், அது 2,400 பேருக்கு ஆளுக்கு 15 லிட்டர் என்பதற்குச் சரியாகப் பொருந்துகிறது. ஆனால் குழாய் மட்டும் போதாது. ஆறு பேர் கொண்ட குடும்பத்துக்கு 90 லிட்டர் சேர வேண்டுமென்றால், 20 லிட்டர் கேன் ஒன்றே வைத்திருப்பவர் நாலரை நடை நடக்க வேண்டும், யாரும் நடக்க மாட்டார்கள். எத்தனை கேன்கள் இருக்கின்றன என்று வீடு வீடாக எண்ணுங்கள். உங்கள் உண்மையான விநியோக அளவு லாரியில் இல்லை, அந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது.

குளோரின் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள், ஆனால் அள்ளிக் கொட்டவும் வேண்டாம். 20 லிட்டர் நீர் கொண்ட நான்கு வாளிகளில், ஒரு விழுக்காட்டுக் குளோரின் கரைசலை முறையே 1, 2, 3, 4 மில்லிலிட்டர் விட்டுக் கலக்கி அரை மணி நேரம் கழித்து சோதியுங்கள். எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராமுக்குள் நிற்கும் வாளிகளில் குறைந்த அளவு எதுவோ அதை லாரிக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். மருந்தைக் கிணற்றடியிலேயே கலந்துவிட்டால் இரண்டு மணி நேரச் சாலைக் குலுக்கலே மீதி வேலையைச் செய்துவிடும். வாடை பற்றிய புகார்களில் பாதி, ஓட்டுநர் கண்ணளவில் பவுடர் போடுவதால் வருவது. பாலையே புகையூட்டிய பாத்திரத்தில் வைத்துக் குடிப்பவர்களுக்கு நாக்கு நுட்பமானது, அவர்கள் சொல்வதை அலட்சியப்படுத்த வேண்டாம். 2017-ல் சோமாலியாவில் வறட்சியின் நடுவே பரவிய காலராவிலும் கடும் வயிற்றுப்போக்கிலும் 75,000-க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். மருந்தே போடாமல் விடுவதற்கு அந்தக் காரணத்தாலேயே இடமில்லை.

ஆடுகளைப் பற்றி என் கருத்து: ஆவணம் சொல்வதை ஆவணம் சொல்லட்டும், அந்தப் பெண்மணியின் கையைப் பிடிக்க உங்களால் முடியாது. பிடிக்கவும் கூடாது.

மறுமொழி 2: கால்நடை மருத்துவர்

பொறியாளர் எல்லாவற்றையும் எண்ணிவிட்டு ஆட்டை மட்டும் எண்ணாமல் விட்டுவிட்டார். அவருடைய கணக்கு உடைவதும் அங்கேதான். 2,400 பேருக்கு 36,000 லிட்டரே கொண்டுவந்து இறக்கினாலும், 3,200 ஆடுகளுக்குத் தலைக்கு ஐந்து லிட்டர் வீதம் 16,000 லிட்டர் அதிலிருந்து தானாகப் பிரிந்து போகும். நீங்கள் ஆட்டை எழுதாமல் விட்டால் ஆடு தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடாது. குழந்தையின் பங்கிலிருந்து குடிக்கும். அந்த ஒரு குவளையை நான்கு குழந்தைகள் பகிர்ந்துகொண்டதை உங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறீர்கள்.

அந்தத் தாய் செய்தது அறியாமை அல்ல. பதினொரு ஆடுகள் என்பது அடுத்த மழைக்குப் பிறகு அந்தக் குடும்பத்துக்குப் பாலும் கையிருப்பும் திரும்பிப் போவதற்கான வழியும் ஆகும். 2020 அக்டோபரில் தொடங்கி ஐந்து மழைப்பருவங்கள் அடுத்தடுத்துப் பொய்த்தபோது எத்தியோப்பியா, கென்யா, சோமாலியா ஆகிய மூன்று நாடுகளிலும் சேர்த்து 2022 இறுதிக்குள் 95 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் மாண்டன. மந்தையை முழுவதுமாக இழந்த குடும்பங்கள் பல, மழை வந்த பிறகும் முகாம்களிலேயே தங்கிவிட்டன, திரும்பிப் போய்ச் செய்வதற்கு அவர்களுக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

அதற்காக, உள்ள எல்லா உயிருக்கும் லாரியில் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கால்நடை அவசர உதவிக்கென 2009-ல் முதன்முதலாக வெளியான லெக்ஸ் கையேடும் லாரித் தண்ணீரைக் கடைசி வழியாகத்தான் வைக்கிறது. வறட்சியில் விலங்குகள் தாகத்தைக் காட்டிலும் பசியாலேயே அதிகம் சாகின்றன. புல் இல்லாத இடத்தில் தண்ணீர் மட்டும் வைத்தால், அரைகுறையாக மேய்ந்துகொண்டிருந்த மந்தைகளும் அங்கே வந்து சேர்ந்து, சுற்றியுள்ள கடைசிப் புதரையும் தின்றுவிட்டு ஒன்றாகச் சாகும்.

எனவே குடும்பங்களிடமே கேட்டுப் பிரியுங்கள். கறவை ஆடுகளும் சினை ஆடுகளுமாகக் குடும்பத்துக்கு மூன்று என்று வைத்தால் 1,200 உருப்படிகள், நாளுக்கு 6,000 லிட்டர். கழுதைகளுக்குத் தலைக்கு இருபது வீதம் 2,200 லிட்டர். கழுதையைத் தயவுசெய்து மறக்காதீர்கள். நன்கொடையாளர்களின் அறிக்கைகளில் கழுதைக்கு இடமே கிடையாது, ஆனால் அதற்குத் தண்ணீர் காட்டாத மறுநாளே கேன்கள் பெண்களின் முதுகுக்கு ஏறிவிடும். ஒட்டகங்களை லாரிக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அவை ஒரு வாரமும் அதற்கு மேலும் தாங்கும், தாகம் முற்றிய ஒட்டகம் ஒரே மூச்சில் நூறு லிட்டருக்கு மேல் குடிக்கும், அதைக் கிணற்றடிக்கே நடத்திப் போவதுதான் முறை.

எஞ்சிய ஆடுகளை, எலும்பும் தோலுமாக ஆவதற்குள் விற்க வழி செய்யுங்கள். 2006-ல் தெற்கு எத்தியோப்பியாவின் மோயாலே பகுதியில், வியாபாரிகளுக்குக் கடனுதவி செய்து அழைத்து வந்ததில் சுமார் 20,000 மாடுகள் சாவதற்கு முன்பே விலைபோயின. கையில் வந்த பணத்தைக் குடும்பங்கள் தானியத்துக்கும், மீதி மந்தையின் தீவனத்துக்கும் செலவிட்டன. வியாபாரி வராத இடத்தில், திட்டப் பணத்தில் வாங்கி அறுத்து அந்தக் குடும்பங்களுக்கே இறைச்சியாகக் கொடுக்கலாம்.

இப்போது முக்கியமான செய்தி. நீங்கள் ஒதுக்கிவிட்ட அந்த உவர்க் கிணற்றை எதற்காக ஒதுக்கினீர்கள்? மனிதர்களுக்கு ஆகாது என்பதற்காக. 4,500 மைக்ரோசீமென்ஸ் என்பது ஆட்டுக்கும் கழுதைக்கும் ஒட்டகத்துக்கும் தாராளமாக ஆகும் நீர். ஒன்பது கிலோமீட்டரை ஆடு ஒரு காலைப்பொழுதில் நடந்துவிடும். நாள் விட்டு நாள் தண்ணீர் காட்டுவது இந்த மேய்ப்பர்களுக்குப் புதிதும் அல்ல. ஆடுகளை நீங்கள் கணக்கில் எழுதியிருந்தால் முதல் வாரமே அந்தக் கிணறு உங்கள் கண்ணில் பட்டிருக்கும்.

மறுமொழி 3: முன்னாள் ஒருங்கிணைப்பாளர்

மருத்துவரின் கடைசிப் பத்தியை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் உங்கள் திட்டத்தின் பெயரால் ஆடுகளுக்கென்று ஒரு லாரியாவது வந்து நின்றால் அது எவ்வளவு வேகமாகச் செய்தியாகப் பரவும் என்பதை அவர் குறைத்து மதிப்பிடுகிறார். நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால், இன்னும் ஓரளவு புல் இருக்கும் இடத்தில் தாக்குப்பிடித்துக்கொண்டிருக்கும் மந்தையை அந்த ஒரு செய்தி சாலைக்கு இழுத்துவிடும். எனவே விலங்குகளுக்கு லாரி வேண்டவே வேண்டாம், கறவை ஆட்டுக்கும்கூட.

உவர்க் கிணற்றைத் திறப்பதற்கு முன் அது யாருடையது என்று கேளுங்கள். ‘யாருடையதும் இல்லை’ என்ற பதில் வந்தால் நம்பாதீர்கள். இந்தப் பகுதியில் சொந்தக்காரர் இல்லாத கிணறு கிடையாது, வறட்சியில் மட்டும் நினைவுக்கு வரும் சொந்தக்காரர்களும் உண்டு. தெற்கு எத்தியோப்பியாவின் மேய்ச்சல் குடிகளான போரானா மக்களின் ‘தூலா’ ஆழ்கிணறுகளில், எந்த மந்தை எந்த நாளில் எத்தனையாவதாகக் குடிக்க வேண்டும் என்பதை ‘அப்பா ஹெரேகா’ எனப்படுபவர் முடிவு செய்கிறார். ஆள்மேல் ஆளாக நின்று வாளியைக் கைமாற்றி மேலேற்றும் அந்தக் கிணறுகளில் ஒரு நாளின் முறை தவறினால் சண்டை நிச்சயம். நீங்கள் இருக்கும் பகுதியில் பெயர் வேறு, குலம் வேறு, ஆனால் முறை என்ற ஒன்று இல்லாமல் இருக்காது. பம்பை இறக்குவதற்கு முன் அந்த முறையை வைத்திருக்கும் பெரியவர்களிடம் போய் உட்காருங்கள்.

லாரிக்கு முடிவுத் தேதி குறிப்பதையும் இன்றே செய்யுங்கள். லாரித் தண்ணீர் மிகவும் செலவு பிடிக்கும் தண்ணீர், நிறுத்துவதற்கு மிகவும் கடினமான தண்ணீரும்கூட, ஏனெனில் ஒவ்வொரு நடையிலும் யாரோ ஒருவருக்கு வருமானம் இருக்கிறது. சுற்றுவட்டத்தில் ‘பெர்கத்’ எனப்படும் சிமெண்டு பூசிய நிலத்தடித் தொட்டிகள் வறண்டு கிடக்குமே, ‘கூ’ மழைக்கு முன் அவற்றின் வண்டலை அள்ளி, வெடிப்புகளைப் பூசி வைக்க அந்தக் குடும்பங்களுக்கே கூலி கொடுங்கள். முதல் மழையில் அவை நிரம்பினால் மே மாதத்தில் லாரியை நிறுத்துவதற்கு உங்களிடம் ஒரு காரணம் இருக்கும். இல்லாவிட்டால் ஆகஸ்டிலும் ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

மறுமொழி 4: கால்நடை மருத்துவர்

லாரி வேண்டாம் என்பதில் எனக்கு ஒரே ஒரு திருத்தம். ஒன்பது கிலோமீட்டர் நடக்க முடியாத குட்டிகளும், இப்போதுதான் ஈன்ற தாய்களும் இருக்கும். அவற்றுக்கு வேண்டியதைக் கழுதைகளே திரும்பி வரும்போது கேனில் சுமந்து வரட்டும். அவை குடிக்கும் தொட்டியைக் குடிநீர்க் குழாய்களுக்கு அருகில் வைக்காமல், சரிவின் கீழ்ப்பக்கமாகக் குறைந்தது ஐம்பது மீட்டர் தள்ளி வையுங்கள். இல்லாவிட்டால் சாணியும் சேறும் உங்கள் குளோரினைத் தோற்கடித்துவிடும்.

கேள்வி கேட்டவர், ஒன்பது நாள்களுக்குப் பின்

அனைவருக்கும் நன்றி. லாரியை அளந்தோம், 9,100 லிட்டர்தான் பிடிக்கிறது. ஓட்டுநருக்கே அது தெரியவில்லை, அல்லது தெரியாததுபோல் நன்றாக வியந்தார். கேன்களை எண்ணியதில் 400 குடும்பங்களுக்கு 530 கேன்கள் இருந்தன. அவற்றில் கணிசமானவை சமையல் எண்ணெய் வந்த ஐந்து லிட்டர் குப்பிகள். கேன் கொள்முதலுக்கு அனுமதி கிடைத்துவிட்டது. பைத்தொட்டி ஒன்று நேற்று முன்தினம் முதல் இயங்குகிறது, இரவு நடை நின்றுவிட்டது. மருந்தை இப்போது கிணற்றடியில் எங்கள் ஆளே அளந்து போடுகிறார். வாங்க மறுத்தவர்களில் இருவரைத் தவிர மற்றவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள்.

உவர்க் கிணற்றுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். மூன்று நாள் பேச்சுக்குப் பின், அவர்களுடைய மந்தைகள் காலையிலும் இடம்பெயர்ந்தவர்களின் மந்தைகள் நண்பகலுக்குப் பின்னும் குடிப்பது என்றும், பம்புக்கான டீசல் எங்களுடையது என்றும், மழை வந்ததும் பம்பு கிணற்றுக்காரர்களுக்கே என்றும் முடிவாயிற்று. ‘மனிதப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்ற வரியை நாங்கள் மீறவில்லை, ஏனெனில் டீசலை ‘குடிநீர் மாற்றுப் பயன்பாட்டைத் தவிர்ப்பதற்கான செலவு’ என்று எழுத மேலதிகாரி ஒப்புக்கொண்டார். அந்தத் தலைப்பை எனக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான்.

முன்பு சொன்ன பெண்மணியின் கூடாரத்துக்கு நேற்று மறுபடியும் போனேன். வெட்டிய பீப்பாய் காய்ந்து கிடந்தது. கேன்கள் நிழலில் மூடி போட்டு நின்றன. ஆடுகளைப் பற்றிக் கேட்டதற்கு, மூத்த மகன் ஓட்டிப் போயிருப்பதாகக் கிணறு இருக்கும் திசையைக் காட்டினார்.

ஒரு சந்தேகம் மட்டும் இருக்கிறது. உவர்நீர் குடித்த முதல் நாளிலிருந்து சில ஆடுகளுக்குக் கழிச்சல் காண்கிறது. ஆடுகளை நிறுத்திவிடலாமா என்று சிலர் கேட்கிறார்கள்.

மறுமொழி 5: கால்நடை மருத்துவர்

பழகாத நீருக்கு அப்படித்தான் கழியும், பெரும்பாலும் சில நாள்களில் நின்றுவிடும், மந்தையை நிறுத்த வேண்டாம். கழிச்சல் நிற்காத ஆடுகளையும், தலை தொங்கி ஒதுங்கி நிற்பவற்றையும் மட்டும் பிரித்துக் கூடாரத்தருகே கட்டிவைத்து, நல்ல தண்ணீர் கொடுங்கள். ஆம், லாரித் தண்ணீர்தான். எத்தனை லிட்டர் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.